குளத்துக்கு உபயகாரர் தேடின மனேச்சர்

மனேச்சர் எண்டுதான் சொல்லுவம். ஊரில சின்னன் பெரிசு எல்லாரும் அப்பிடித்தான். சங்கக்கடையில, அதுதான் கூட்டுறவுக் கடையில, கன வரியம் மனேச்சராய் இருந்தவ. பேந்து அந்தக் கடை பூட்டுப்பட்டு, கதவில கறையான் ஏறி, உள்ளுக்குள்ள ஆடு குட்டி போட்டு, எல்லாம் நடந்து முடிஞ்சாப் பிறகும் அவ மனேச்சர்தான். சொந்தப் பேர் ஒண்டு இருக்கு. நான் சொல்லமாட்டன். இப்ப அவ வவுனியாவில தங்கச்சியார் வீட்டோட போய் இருக்கிறா. நெடுந்தீவு உப்புக்காத்து முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளேல்லையாம். நான் பேரைச் சொல்லிக் கதைச்சனெண்டு தெரிஞ்சால் போன் எடுத்து, "அண்ணை, ஆரைக் கேட்டனியள்?" எண்டு கேப்பா.

ஆள் கட்டை. நடை கெதி. கையில எப்பவும் ஒரு கறுத்தக் குடை. எங்கட தீவில மரம் குறைவு, காத்துக்கு மறைப்பு இல்லை. அதால அந்தக் குடை விரிச்ச உடன மேல் பக்கமாய்ப் பிரண்டு கிண்ணம் மாதிரி நிக்கும். அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நடப்பா. மடக்கமாட்டா.

"என்ன மனேச்சர், மழைத்தண்ணி பிடிக்கப் போறியளோ?" எண்டு பொன்னம்பலம் நக்கலடிப்பான். அவன் என்னைப் போல மாட்டுக்காரன். வாய் மட்டும் வேற.

"ஓம் பொன்னம்பலம். உம்மட வாயைக் கழுவத் தண்ணி வேணுமெல்லே" எண்டிட்டு நிக்காமல் போவா.

சங்கக்கடைக்கு முன்னால ஒரு கதிரை கிடந்தது. பிரம்பு பிஞ்சு போய், நடுவில சாக்கு வைச்சுத் தைச்ச கதிரை. அது மனேச்சர் இருக்கிறதுக்கில்லை. சாமான் கடனுக்குக் கேட்டு வாற ஆக்கள் இருக்கிறதுக்கு. காசு குடுத்து வாங்கிற ஆள் நிண்டு வாங்கலாம். கடன் கேக்கிற ஆள் இருந்துதான் கேக்கவேணும். அது அவவின்ர சட்டம். எந்த அரசாங்கம் அப்பிடி ஒரு சட்டம் போட்டதெண்டு நான் கேட்டதில்லை.

நானும் அதில இருந்திருக்கிறன். என்ர மனுசி காய்ச்சலாய்க் கிடந்த நேரம். கையில ஒண்டும் இல்லை. போய் நிண்டு தலையைச் சொறிஞ்சன்.

"அண்ணை, தலையில பேனோ?"

"இல்லை மனேச்சர்."

"அப்ப கையை எடுத்துப்போட்டு அதில இருங்கோ. இருந்துகொண்டு கேளுங்கோ."

இருந்தன். கேட்டன். அரிசியும் சீனியும் கட்டித் தந்தா. எழும்பி வரேக்க, சாமான் வாங்க வந்தவன் மாதிரித்தான் வந்தனான், பிச்சை எடுத்தவன் மாதிரி இல்லை. அது ஒரு சின்ன விசயம்தான். ஆனா இவ்வளவு வரியத்துக்குப் பிறகும் அந்தச் சாக்குக் கதிரை எனக்கு ஞாபகம் நிக்குது.

ஒரு வரியம் புயலடிச்சுக் கனக்கக் கூரையள் போனது. நிவாரணம் குடுக்க ஆக்கள் வந்து பள்ளிக்கூடத்து முத்தத்தில எங்களை வரிசையாய் நிப்பாட்டிப்போட்டினம். ஒருத்தர் கமராவோட நிக்கிறார். மனேச்சர் வந்து பாத்தா. வகுப்புக்குள்ள போய், பிள்ளையள் இருக்கிற ஒரு வாங்கை இழுத்துக்கொண்டு வந்து போட்டா. பேந்து இன்னொண்டு. நாங்களும் விளங்கிக்கொண்டு மிச்ச வாங்கெல்லாத்தையும் தூக்கிவந்து போட்டு இருந்திட்டம். "இப்ப எடுங்கோ தம்பி, படம்" எண்டா. நாங்கள் எல்லாம் கலியாணவீட்டுக்காரர் மாதிரிக் காலுக்கு மேல கால் போட்டுக்கொண்டு இருக்கிறம். அந்தப் பொடியன் கமராவைத் தூக்கினான், இறக்கினான், திரும்பத் தூக்கினான். நிவாரணம் வாங்க வந்த சனத்தின்ர படம் மாதிரி அது வரேல்லைப் போல. எடுக்காமலே போயிட்டான்.

அப்பிடிப்பட்ட ஆளைத்தான் நாங்கள், காசு கேட்டுக் கடிதம் எழுத வைச்சனாங்கள். எங்கட புத்தியைப் பாருங்கோ.

அது குளத்தின்ர கதை. எங்கட இடத்தில மாடு கட்டி வளர்க்கிறது குறைவு. குறி சுட்டு வெளியில விட்டுவிடுவம், அதுகள் தன்பாட்டில மேயும். அதுகள் தண்ணி குடிக்கத் தெற்கால மேய்ச்சல் வெளியில ஒரு குளம். கன காலம் தூர்வாராமல் அது சோத்துக்கோப்பை மாதிரி மண் மேவித் தட்டையாய்ப் போச்சு. ஆனி ஆடியில காத்து அடிக்கத் தொடங்கினால் தண்ணி வத்தி நடுவில மட்டும் கொஞ்சம் மினுங்கும். சுத்திவரச் சேறு. மாடு பாவம், தண்ணியைக் கண்டு இறங்கும். கால் புதையும். பேந்து எழும்பாது. என்ர பசு வெள்ளைச்சியும் ஒரு வரியம் அப்பிடித்தான் போனவள். அவளின்ர பாலில தயிர் போட்டால் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. சரி, அது வேற கதை.

மனேச்சரிட்ட நிண்டது ஒரே ஒரு பசு. சிவப்பி. அதுவும் அந்தச் சேத்துக்குள்ள இறங்கிட்டுது. நாங்கள் கயிறு போட்டு இழுத்தம். இழுக்க இழுக்க இன்னும் புதைஞ்சுது. மனேச்சர் சேத்துக்குள்ள இறங்கி, அதின்ர தலையைத் தூக்கித் தன்ர மடியில வைச்சுக்கொண்டு இருந்தா. சீவன் போகும் மட்டும் இருந்தா. பேந்து எழும்பி வீட்டை போய்க் குளிச்சிட்டு, கயிறு இழுத்த எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தி, பனங்கட்டி வைச்சுத் தந்தா. "உதவி செய்த ஆக்கள் வெறும் வயித்தோட போகக்கூடாது" எண்டா. அழுததை நான் காணேல்ல.

அதுக்குப் பிறகுதான் குளத்தைத் திருத்தவேணும் எண்ட கதை எழும்பினது. தூர் வாரவேணும். அதோட மாடு சேத்தில புதையாமல் இறங்கி ஏற ஒரு இறங்குதுறை கட்டவேணும். மண்ணை நாங்கள் வெட்டுவம். இறங்குதுறைக்குச் சீமெந்து, கல்லு, மேசன் வேணும். எங்கட தீவுக்கு ஒரு மூட்டை சீமெந்து வாறதெண்டால் அது கடல் தாண்டி வரவேணும். இரண்டு மூட்டை விலையாய்த்தான் வந்து இறங்கும்.

ஆரோ சொன்னவை, நிறுவனங்கள் உதவி செய்யும், ஆனா சங்கம் இல்லாட்டித் திரும்பியும் பாக்காது எண்டு. உடன மாட்டுக்காரர் சங்கம் எண்டு ஒண்டு தொடங்கினம். மனேச்சர் காரியதரிசி. நான் தலைவர். என்னை ஏன் தலைவராக்கினவை எண்டால், எனக்கு இடக்காது கேளாது. கூட்டத்தில ஆர் ஆரைப் பேசினாலும் எனக்குக் கோவம் வராது. படிப்பெண்டால், மாட்டை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் மட்டும் போய், மாட்டோட திரும்பி வந்தனான். அவ்வளவுதான்.

வேலணையில ஒரு நிறுவனம் ஒரு நாள் வகுப்பு வைச்சது, காசு கேட்டு எப்பிடிக் கடிதம் எழுதுறது எண்டு. நானும் மனேச்சரும் போனம். காலமை லோஞ்சில கடல் தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் எடுத்துப் போகேக்க, அவ மடியில ஒரு பை. "என்ன மனேச்சர்?" எண்டு கேட்டன். "புழுக்கொடியல். படிப்பிக்கப் போற பிள்ளைக்கு" எண்டா. அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு, கல்லு மாதிரி இருக்கும்.

படிப்பிச்சது ஒரு ஒபிசர் தம்பி. நல்ல பொடியன். வடிவாச் சொன்னான். "முதல்லயே பெரிய திட்டம் எல்லாம் அனுப்பவேண்டாம். முதல் ஒரு பக்கத்தில ஒரு கடிதம் காணும். நீங்கள் ஆர், பிரச்சினை என்ன, என்ன தேவை. அதை வாசிச்சு எங்களுக்குச் சரியெண்டு பட்டால்தான் மிச்ச விபரம் கேப்பம்." கலியாணம் பேச முதல் சாதகக் குறிப்பு அனுப்புற மாதிரி எண்டு நான் விளங்கிக்கொண்டன்.

"பிரச்சினையை மனசைத் தொடுற மாதிரி எழுதவேணும். வாசிக்கிற ஆளின்ர கண் கலங்கவேணும்" எண்டான்.

மனேச்சர் எழும்பினா. "தம்பி, எங்களிட்ட இருக்கிறதுகளை எந்த இடத்தில எழுதுறது?"

"இருக்கிறதுகளோ?"

"ஓம். ஆக்கள் இருக்கினம். மண்வெட்டி இருக்கு. உழவு மிசின் இருக்கு. சமைக்க மாதர் சங்கம் இருக்கு."

"அது... அது கடைசியில ஒரு வரி போடலாம் அம்மா."

"அப்ப, இல்லாததில இருந்தோ எங்களைத் தொடங்கச் சொல்லுறியள்?"

வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. ஒபிசர் தம்பியும் சிரிச்சான். மத்தியானம் அவனுக்குப் புழுக்கொடியலைக் குடுத்தா. அவன் அதைக் கடிக்கப் பட்ட பாட்டைப் பாக்கவேணும்! பல்லு உடைஞ்சாலும் சரியெண்டு கடிச்சுக்கொண்டுதான் மிச்ச வகுப்பை எடுத்தவன்.

அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதின நாள் மனேச்சர் வீட்டு விறாந்தையில நான், பொன்னம்பலம், அவ. மேசையில தாள், பேனை. பொன்னம்பலத்துக்கு அவசரம்.

"மனேச்சர், மற்றச் சங்கங்கள் எல்லாம் எப்பிடி எழுதினம் தெரியுமோ? ஏழையள், ஆதரவில்லாத சனம், கண்ணீரும் கம்பலையும் எண்டு எழுதி, ஆடு எடுத்திட்டினம், தையல் மிசின் எடுத்திட்டினம். நீங்களும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுங்கோவன்."

"கண்ணீர் விட்டால் தாள் நனையும். எழுத ஏலாது."

"சிவப்பியைப் பற்றி எழுதுங்கோ. நீங்கள் மடியில வைச்சிருந்ததை எழுதுங்கோ. வாசிக்கிறவன் விழுந்து விழுந்து அழுவான்."

மனேச்சர் பேனையைக் கீழ வைச்சா. "சிவப்பி என்ர மாடு பொன்னம்பலம். அது விக்கிறதுக்கில்லை."

அதுக்குப் பிறகு பொன்னம்பலம் வெத்திலையோட கதைக்கத் தொடங்கிட்டான். அவ கன நேரம் எழுதினா. எழுதினது ஒரு பக்கம்தான், ஆனா ஒரு வரிக்கு ஒருக்கா மாடு மேயிற வெளியைப் பாத்துப் பாத்து எழுதினா. பேந்து எங்களுக்கு வாசிச்சுக் காட்டினா. சொல்லுக்குச் சொல் எனக்கு வராது, கிட்டத்தட்ட இதுதான்:

"வணக்கம். எங்கட தீவில மாடுகள் குடிக்கிற குளம் ஒன்றைத் திருத்தப் போறம். தூர் வாருகிறது மாட்டுக்காரரின் பங்கு. மண் ஏற்றிக் கொண்டுபோய்ப் பறிக்கிறது உழவு மிசின் வைத்திருப்பவர்களின் பங்கு. சாப்பாடு மாதர் சங்கத்தின் பங்கு. இறங்குதுறை கட்டுகிற பங்கு மட்டும் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அது நல்ல பங்கு. மாடுகள் உயிரோடு ஏறி வருவது அதனால்தான். அதை நீங்கள் எடுக்க விருப்பமென்றால் ஆவணி பிறக்க முதல் அறியத்தரவும். அதற்குப் பிறகு வேறு ஆட்களைக் கேட்க வேண்டிவரும். ஒருக்கா வந்து பாருங்கோ. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

பொன்னம்பலம் வெத்திலையைத் துப்பிட்டு வந்தான். "மனேச்சர், இது காசு கேக்கிற கடிதமோ, கோயில் உபயம் குடுக்கிற கடிதமோ?"

அவன் சொன்னது சரி. எங்கட கோயில்களில திருவிழா எண்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின்ர உபயம். அண்டைய செலவு அவையின்ரை. ஆனா ஒருத்தரும் அவையிட்டப் போய்க் கெஞ்சிறேல்ல. எங்களுக்கு ஒரு நாள் கிடைக்காதோ எண்டு அவைதான் பாத்துக்கொண்டு இருக்கிறது. கனடாவில இருந்தெல்லாம் கேப்பினம். "நாள் எல்லாம் நிரம்பிட்டுது, இருந்து பாருங்கோ" எண்டு மறுமொழி போகும். மனேச்சருக்குக் கேக்கத் தெரிஞ்ச விதம் அது ஒண்டுதான். அந்தப் பெரிய நிறுவனத்தைக் கூப்பிட்டு, உங்களுக்கும் ஒரு உபயம் தாறம் எண்டு எழுதி வைச்சிருக்கிறா. அதுக்குத் தவணையும் வைச்சிருக்கிறா!

"மனேச்சர், உலகத்தில தவணை வைக்கிறது காசு குடுக்கிறவை. கேக்கிறவை இல்லை" எண்டு நானும் சொல்லிப் பாத்தன்.

"மழை எங்களுக்குத்தானே வருகுது அண்ணை. அவைக்கில்லையே. அப்ப நாங்கள்தான் தவணை சொல்லவேணும். பெருவிரலைக் கொண்டாங்கோ."

தலைவர் எண்ட இடத்தில என்ர பெருவிரல். வடிவா விழேல்லையெண்டு மற்றத்தரமும் அமத்தச் சொன்னா.

கடிதம் போச்சு. மறுமொழி வரேல்ல. ஆனா மனேச்சர் மறுமொழிக்குக் காத்துக்கொண்டு இருக்கேல்ல, வேலையைத் தொடங்கிட்டா. நாங்கள் மண் வெட்டினம். உழவு மிசின்காரர் ஏத்திப் பறிச்சினம். மாதர் சங்கம் கஞ்சி காய்ச்சினது. ஒவ்வொரு நாளும் லோஞ்சு வாற நேரம் பொன்னம்பலம் மண்வெட்டியை ஊண்டிக்கொண்டு தபால்காரனின்ர சைக்கிள் வருதோ எண்டு பாப்பான். பாத்திட்டு மனேச்சரைப் பாப்பான். அவ கஞ்சியைக் கலக்கிக்கொண்டு நிப்பா.

ஆவணி பிறந்தது. அண்டைக்கே குடையைத் தூக்கிக்கொண்டு கடக்கரைக்கு நடந்தா. நானும் பின்னால போனன். அங்க சவிரி வலை பொத்திக்கொண்டு இருக்கிறான். எங்கட பகுதியில மீன்பிடிகாரருக்கெல்லாம் மூத்தாள் மாதிரி அவன். வேதக்காரன், அதுதான் கிறிஸ்தவன், நல்ல நெஞ்சுக்காரன். மனேச்சர் சுத்திப் பாத்தா, இருக்க ஒண்டும் இல்லை. கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தில ஏறி இருந்தா. கட்டை ஆளல்லே, கால் நிலத்தில முட்டேல்ல. கேக்கிற ஆள் இருந்துதானே கேக்கவேணும்.

"சவிரி, குளத்தில இறங்குதுறைப் பங்கு ஒண்டு இருக்கு. நீங்கள் எடுப்பியளோ?"

சவிரி சிரிச்சான். "மனேச்சர், எங்களிட்ட மாடு ஏது? மீன்தானே. அதுகள் கடல்ல குடிக்கும்."

"மீன் குடிக்கும். உம்மட பேரப்பிள்ளை என்ன குடிக்குது?"

"பால்தான். உங்கட பொன்னம்பலத்திட்டத்தான் வாங்கிறது. அரைவாசி தண்ணி."

"அந்தத் தண்ணிக்கும் குளம் வேணுமெல்லே" எண்டா மனேச்சர்.

சவிரிக்குச் சிரிப்பு அடங்கேல்ல. பேந்து கொஞ்சம் யோசிச்சான். "சீமெந்து இல்லை எங்களிட்ட. கடல்ல எடுக்கிற முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைச்சு வள்ளம் இழுக்கிற சரிவு கட்டுவம். அது மாதிரித்தான் கட்டத் தெரியும்."

"அது காணும்."

"மாட்டுக்காரர் எங்களை ஒருநாளும் ஒண்டுக்கும் கேட்டதில்லை மனேச்சர்" எண்டான். குறையாய்ச் சொன்னானோ சந்தோசமாய்ச் சொன்னானோ தெரியாது. அடுத்த நாள் அவன்ர ஆக்கள் கல்லு ஏத்தத் தொடங்கிட்டினம்.

புரட்டாதியில வந்தது மறுமொழி! பள்ளிக்கூடத்தில கூட்டம் போட்டம். மனேச்சர் வாசிச்சா. இறங்குதுறைக்கு முழுச் செலவும் தருகினமாம். சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம். சனம் கை தட்டினது. பொன்னம்பலம் எழும்பி நிண்டு தட்டினான். மனேச்சர் கடிதத்தை மடிச்சா.

"பிந்திப் போச்சு" எண்டா.

"என்ன பிந்தினது? மழைக்கு இன்னும் நாள் கிடக்கு" எண்டான் பொன்னம்பலம்.

"மழைக்கில்லை. பங்குக்கு. அது சவிரியாக்களுக்குக் குடுத்தாச்சு."

சவிரிதான் எழும்பினான். "மனேச்சர், எங்களைப் பாக்காதேங்கோ. சீமெந்து வருகுதெண்டால் வரட்டும். நாங்கள் விட்டுத்தாறம்."

"நீர் விட்டுத்தரலாம் சவிரி. குடுத்ததைத் திருப்பி வாங்க எனக்கு ஏலாது."

பொன்னம்பலத்துக்கு விசர் வந்திட்டுது. "சரிவு தாங்காட்டி? வாற வரியமும் மாடு புதைஞ்சு செத்தால்? மாட்டுக்கு உங்கட உபயமும் மரியாதையும் தெரியுமோ?"

நியாயமான கேள்விதானே. சேத்துக்குள்ள இருந்தவ அவ. "தெரியாது" எண்டா மனேச்சர். "எங்களுக்குத் தெரியுமெல்லே."

பேந்து என்னைப் பாத்தா. "தலைவர், உங்கட பெருவிரல்தான். அவைக்கு என்ன எழுதிறதெண்டு நீங்கள் சொல்லுங்கோ."

பொய் சொல்லக்கூடாது. எனக்கு மாடு வேணும், சீமெந்து வேணும். இந்த மனுசியின்ர ரோசத்துக்கு என்ர மாடோ பலி எண்டு நினைச்சன். அப்பேக்க சவிரியைப் பாத்தன். விட்டுத்தாறம் எண்டு வாய் சொன்னது. முகம் சொல்லேல்ல. முருகைக்கல்லு வெட்டினால் கை ஆறக் கன நாள் செல்லும், அவன்ர கை முழுக்கச் சீலைத்துண்டு. அந்தக் கையைப் பின்னால மறைச்சுக்கொண்டு நிக்கிறான். எங்கட கோயில்ல ஏழாந்திருவிழா, சுருட்டுச் சுத்திப் பிழைக்கிற ஒரு வீட்டுக்காரரின்ர உபயம். லண்டன்காரர் எவ்வளவோ தாறமெண்டு கேட்டும் அதை ஒருத்தரும் பிடுங்கிக் குடுக்கேல்ல. அது நினைவு வந்தது.

"பங்கு குடுத்தாச்செண்டு எழுதுங்கோ மனேச்சர்" எண்டன். சொல்லிப்போட்டு, நான்தானோ சொன்னனான் எண்டு எனக்கே ஆச்சரியம்.

எழுதினா. "பிந்திவிட்டீர்கள். மனவருத்தப்பட வேண்டாம். தண்ணி நிறைஞ்ச பிறகு வந்து பாருங்கோ." அதுதான் முழுக் கடிதமும். என்ர பெருவிரல்தான் எல்லாத்தையும் விடப் பெரிசாய்த் தெரிஞ்சது.

ஊர் அவவைக் கிழிச்சது. வந்த லெச்சுமியைக் காலால தள்ளினவ எண்டு ஒரு கதை. வயசு போய் மண்டை பிழைச்சுப் போச்செண்டு இன்னொரு கதை. அவ கஞ்சி கலக்கினா. ஆனா ஒரு நாள் ஆக்கள் சாப்பிடப் போன நேரம், கட்டின சரிவில தனிய ஏறி நிண்டு, காலால ஓங்கி ஓங்கி உதைச்சுப் பாத்ததை நான் கண்டனான். ஒவ்வொரு கல்லாய் உதைச்சா. என்னைக் கண்ட உடன, "செருப்பில மண் அண்ணை" எண்டா.

மழை இருட்டிக்கொண்டு வரேக்க சரிவில அரைவாசிதான் முடிஞ்சிருந்தது. வேற வழியில்லை, எல்லாரும் இறங்கினம். மாட்டுக்காரர், மீன்பிடிகாரர், மாதர் சங்கம், ஐயர் கூட ஒரு கடகம் சுண்ணாம்பு தூக்கினார். பொன்னம்பலமும் வந்தான். ஆனா மனேச்சரோட கதைக்கிறேல்ல. அவ பக்கத்தில நிக்கிறா, இவன் என்னட்டச் சொல்லுறான், "தலைவர், மனேச்சரை அங்கால தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, கல்லு வருகுது." அவ என்னட்டச் சொல்லுறா, "தலைவர், கல்லு வாறது எனக்குத் தெரியுமெண்டு சொல்லுங்கோ." எனக்கு எந்தப் பக்கம் கேளாத காதைக் காட்டுறதெண்டு தெரியேல்ல.

கடைசிக் கல்லு வைச்சுச் சுண்ணாம்பு இறுகி ஒரு கிழமை ஆகேக்க வானம் கொட்டினது.

குளம் நிறைஞ்சது. அது பெரிய விசயமில்லை, மாரியில எந்தக் குளமும் நிறையும். ஆனி ஆடிக் காத்தில என்ன நடக்குமெண்டதுதான் விசயம். காத்து வந்தது. தண்ணி கீழ இறங்கினது. அடியில ஆழம் வெட்டினதால நிண்டது. பொன்னம்பலத்தின்ர கறுப்பிதான் முதல் போச்சு. சரிவில முன்னங்காலை வைச்சு, மணந்து பாத்து, மற்றக் காலையும் வைச்சு இறங்கினது. நாங்கள் எல்லாம் அணைக்கட்டில மூச்சு விடாமல் நிக்கிறம். குடிச்சுது. குடிச்சிட்டுத் திரும்பி, வள்ளம் ஏறுற மாதிரிச் சறுக்காமல் ஏறி வந்தது. மற்ற மாடுகள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய் இறங்கினது. சவிரியின்ர ஆக்கள் விசிலடிச்ச சத்தத்தில மாடு வெருண்டுபோகுமெண்டு நான் பேசினன்.

பொன்னம்பலம் மனேச்சருக்குக் கிட்டப் போனான். "மனேச்சர்" எண்டான். அவ்வளவுதான். அவன்ர வாயில இருந்து வேற ஒண்டும் வரேல்ல. நான் பாத்ததில அதுதான் முதல்தரம்.

"நாளைக்குப் பால் கொண்டு வாரும். தண்ணி கலக்காமல்" எண்டா அவ.

அந்தக் காத்துக் காலத்திலதான் ஒபிசர் தம்பி வந்தான். வேலையாய் இல்லை, தன்ர லீவு நாளில, தனிய. லோஞ்சில நனைஞ்சு, சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு. குளத்தைப் பாத்தான். சரிவில இறங்கி ஏறிப் பாத்தான். மனேச்சர் சோறும் மீன்குழம்பும் போட்டு, சாப்பிட்டு முடியும் மட்டும் ஒரு கதையும் கதைக்க விடேல்ல.

"அம்மா, உங்கட இரண்டாவது கடிதத்தை எங்கட பெரியவ ஒபிசில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவ" எண்டான். "எங்களுக்கு, பிந்திப்போட்டியள் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்லை."

"பிந்தினதுதானே தம்பி."

"ஓம் அம்மா. பிந்தினதுதான்." கொஞ்சம் தயங்கினான். "வடக்கால இன்னொரு குளம் மேவிக் கிடக்குதாமே. அதைத் திருத்தேக்க, எங்களுக்கும் ஒரு பங்கு தருவியளோ?"

ஓமெண்டு சொல்லு மனுசி, ஓமெண்டு சொல்லு எண்டு மனசுக்குள்ள கத்திறன். பொன்னம்பலம் என்ர கையைப் பிடிச்சு நசிக்கிறான்.

மனேச்சர் தேத்தண்ணியை அவன்ர பக்கம் தள்ளி வைச்சா. "நான் தனியச் சொல்ல ஏலாது தம்பி. எழுதிக் கேளுங்கோ. சங்கம் கூடி யோசிப்பம்."

பொன்னம்பலம் என்ர கையை விட்டிட்டுத் தன்ர தலையில வைச்சான்.

ஒபிசர் தம்பி சிரிச்சுக்கொண்டு போனான். லோஞ்சு அங்கால போகும் மட்டும் மனேச்சர் துறைமுகத்தில நிமிர்ந்து நிண்டா. அது புள்ளியாய்ப் போன உடன அப்பிடியே கல்லில இருந்திட்டா.

"அண்ணை, கூடக் கதைச்சிட்டனோ?" எண்டா. "அவை எழுதாமல் விட்டால்?"

அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, இந்த மனுசிக்கும் பயம் இருந்திருக்கு, முதல் நாளில இருந்தே இருந்திருக்கு எண்டு. "எழுதாட்டி நாங்கள் வெட்டுவம் மனேச்சர்" எண்டன். வேற என்ன சொல்ல?

பேந்து கொஞ்ச நாளாய் அவ லோஞ்சு வாற நேரத்துக்கு ஏதோ ஒரு சாட்டுச் சொல்லித் துறைமுகப் பக்கம் போய்வந்தா. உப்பு வாங்க எண்டா. கடலைச் சுத்தி இருக்கிற ஊரில ஆர் அவ்வளவு உப்பு வாங்கிறது?

கடிதம் வந்தது. ஒரு பக்கம். சங்கம் கூடினது, சவிரியாக்களும் வந்தினம். மனேச்சர் கண்ணாடியைப் போட்டு, முதல் தனக்குள்ள ஒருக்கா வாசிச்சா. பேந்து திரும்பவும் வாசிச்சா. எங்களுக்குப் பொறுக்கேல்ல.

"என்ன எழுதியிருக்கினம் மனேச்சர்?" எண்டான் பொன்னம்பலம். "பங்கு கேக்கினமோ? குடுப்பமோ?"

அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

"குடுப்பம்" எண்டா. "பாவங்கள். கனக்கக் கெஞ்சியிருக்கினம்."